கல்லில் எழுதிய பெயர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை என் பேரன் ஒரு காகிதத்துடன் என் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றான். "தாத்தா, மாமல்லபுரம் போகத் திட்டம் போட்டுவிட்டேன். நீங்கள் சரி என்று சொன்னால் போதும்" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். காலை 8 மணிக்குப் புறப்பாடு, 10 மணிக்கு ஐந்து ரதங்கள், பிறகு கடற்கரைக் கோவில், பிறகு கடலில் கால் நனைத்தல், இருட்டுவதற்குள் வீடு. "கால் நனைத்தல்" என்பதன் கீழே மட்டும் இரண்டு கோடுகள் போட்டிருந்தான்.

உத்திரமேரூரிலிருந்து செங்கற்பட்டுக்குப் போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர். ஒரே நாளில் போய் வருவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அதற்குக் காரணம் என் பழைய குற்றம் ஒன்று.

எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு அங்கே போனேன். வாத்தியார் மகிஷாசுரமர்த்தினியின் சிங்கத்தைப் பற்றி வர்ணித்துக்கொண்டிருந்தார். நான் மெல்லப் பின்னால் நழுவினேன். ஒரு பாறையில், சட்டைப்பையிலிருந்த ஆணியால், என் பெயரையும் ஊரையும் கீறினேன். பல்லவனுக்குச் சமமாகிவிட்டதாக அன்று எனக்கு ஓர் எண்ணம்!

அந்த வெட்கத்தினால்தான் பேரனுடைய திட்டத்தில் மூன்று திருத்தங்கள் செய்தேன்.

முதல் திருத்தம், புறப்பாடு 8 மணிக்கு அல்ல, 6 மணிக்கு. முதலில் பார்க்க வேண்டிய கல் நம் ஊரிலேயே இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள வைகுண்டப்பெருமாள் கோவில் சுவரைத்தான் சொல்கிறேன். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும், இவ்வூர்ச் சபையார் செய்த ஏற்பாடு அதில் வெட்டப்பட்டிருக்கிறது.

ஊரில் 30 குடும்புகள். தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். ஏதும் அறியாத ஒரு சிறுவன் கையை விட்டு ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி உரக்கப் படிப்பான். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா? இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது; அவனுடைய சின்னம்மை, பெரியம்மை மக்களும் அத்தை, மாமன் மக்களும்கூட வர முடியாது! 919இல் 30 என்று வைத்த குறைந்தபட்ச வயதை இரண்டே வருஷத்தில் 35 ஆக்கினார்கள். தங்கள் விதியில் குறை கண்டால் திருத்திக்கொள்ள அவர்கள் கூசவில்லை.

இதைக் குடியாட்சியின் பூரண வடிவம் என்று மார்தட்டிக்கொள்ள நான் தயாரில்லை. அது அந்தணர் ஊரின் சபை. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் கேட்டது. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சாசனத்தில் அரசன் பெயர் உண்டு. அரசனாணையால் வந்து உடனிருந்த அதிகாரியின் பெயர் உண்டு. குடவோலையில் வென்றவன் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆளின் பெயர் ஓலையிலே, விதி கல்லிலே.

இரண்டாவது திருத்தம், வெயில் ஏறுமுன் திருக்கழுக்குன்றத்தில் மலையேறுவது. நண்பகலில் அங்கே உணவுக்கு வந்துகொண்டிருந்த கழுகுகள் 1990களின் பிற்பகுதியிலிருந்து வருவதில்லை. நான் காட்ட விரும்புவது ஒருகல் மண்டபத்தை. பல்லவர் காலத்துக் குடைவரை அது. அதிலே டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களை 17ஆம் நூற்றாண்டு வருஷங்களோடு வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்திலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுக்குப் பண்டகசாலை இருந்தது. அங்கிருந்து உல்லாசமாக மலைக்கு வந்தவர்கள் போலும்! என் ஆணிக்கு அவர்கள் முன்னோடிகள்.

மூன்றாவது திருத்தம், மாமல்லபுரத்துக்கு முன்னாலேயே பூஞ்சேரியில் இறங்குவது. அங்குள்ள பாறையில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்பன போன்ற சில பெயர்கள் பழைய எழுத்தில் இருக்கின்றன. மல்லையில் உளி பிடித்தவர்களின் பெயர்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கடற்கரைக் கோவிலைக் கட்டிய ராஜசிம்மன், 720இல் சீன தேசத்துக்குத் தூது அனுப்பியவன், தன் விருதுப் பெயர்களை இருநூற்றுக்கு மேல் காஞ்சிக் கைலாசநாதர் கோவிலில் பொறிக்கச் செய்தான். கல்லையே உயிர்ப்பித்த தச்சனோ, தான் செதுக்கிய யானையின் மேல் ஓர் எழுத்தும் எழுதவில்லை. ஊருக்கு வெளியே ஒரு வெறும் பாறையைத் தேடிப்போய்த் தன் பெயரை அடக்கமாக எழுதினான்.

அதற்குப் பிறகுதான் ரதங்கள். ஐந்தில் நான்கு மேற்கு நோக்கியவை. ஆகவே மாலை வெயிலில் பார்ப்பதே அழகு. 6 மணிக்கு மூடிவிடுவார்கள். எனவே கடற்கரைக் கோவிலை முதலில் முடித்துக்கொண்டு 5 மணிக்குள் ரதங்களுக்கு வந்துவிட வேண்டும்.

பேரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கள் பெயர் இன்னும் அங்கே இருந்தால் என்ன செய்வீர்கள், தாத்தா?" என்றான்.

"அழிக்க முடியாது. சுரண்டினால் கல்லுக்கு இரண்டாவது காயம். உனக்குக் காட்டுவேன், அவ்வளவுதான்."

அவன் சிறிது யோசித்தான். காகிதத்தை வாங்கி, கீழே ஒரு வரி சேர்த்தான்: "தாத்தாவின் பெயரைத் தேடுதல் - அரை மணி." கால் நனைக்கும் வரியை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனான்.

வருகிற சனிக்கிழமை புறப்படுகிறோம். அந்தப் பெயர் கண்ணில் படக்கூடாதே என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.