புசா ரோடும் சி.எஸ். போட்ட கையெழுத்தும்

புசா ரோடு டி.டி.இ.ஏ. பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இந்த 'புசா' எங்கிருந்து வந்தது என்று தெரியும்? அது பீகாரில் ஒரு ஊர். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையில் 1905-ல் அங்கே ஆரம்பித்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1934 நிலநடுக்கத்தில் இடிந்துபோக, 1936-ல் டெல்லிக்கு மாற்றினார்கள். வரும்போது ஊர்ப் பெயரையும் மூட்டை கட்டி எடுத்து வந்துவிட்டார்கள், நம்மைப் போலவே!

நான் சொல்ல வந்தது சி.சுப்பிரமணியம் பற்றி. தலைமைப் பண்பு என்று எங்கள் வங்கியில் வருடா வருடம் பயிற்சி வகுப்பு உண்டு. 'பாசிட்டிவ் எனர்ஜி' என்று ஸ்லைடு போடுவார்கள். எனக்கு அப்போதெல்லாம் இந்தப் பொள்ளாச்சிக்காரர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

1964-ல் சாஸ்திரி பிரதமரானபோது, எஃகுத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த சி.எஸ்.ஸை உணவு, வேளாண்மைத் துறைக்கு மாற்றினார். அரசியல்வாதிகள் ஓடி ஒளிந்த துறை அது. நாடு அமெரிக்காவின் பி.எல்.480 கோதுமையை நம்பிக்கொண்டிருந்த காலம். அதோடு 1965, 66 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் ஒரு கோடி டன் அளவுக்குத் தானியம் கப்பலில் வந்தது.

இத்தனைக்கும் விடை புசாவிலேயே முளைத்துக்கொண்டிருந்தது. 1963-லிருந்து நார்மன் போர்லாக்கின் மெக்சிகோ குட்டை ரகக் கோதுமையை நம் கும்பகோணத்து எம்.எஸ்.சுவாமிநாதனும் சகாக்களும் சோதித்து வந்தார்கள். விளைச்சல் பிரமாதம். ஆனால் சோதனை வயலைத் தாண்டிப் போக யாராவது பொறுப்பேற்க வேண்டுமே!

வங்கியில் இருப்பதால் எனக்கு இது நன்றாகப் புரிகிறது. ஃபைலில் 'பரிசீலிக்கலாம்' என்று எழுதி மேலே அனுப்புகிறவர்கள் நூறு பேர். 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர்தான். கடன் வாராக்கடனானால் அவர் தலைதான் உருளும்.

சி.எஸ். போட்டார். அதுவும் சும்மா இல்லை. உரத்துக்கு அந்நியச் செலாவணி ஏது, விவசாயிக்கு விலையை ஏற்றினால் விலைவாசி என்னாவது என்று நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி எதிர்த்தார் (அவரும் நம்மூர்க்காரர்தான்). அமெரிக்காவுக்கு அடிமையாகிறோம் என்று இடதுசாரிகள் ஒரு பக்கம். இவர் சளைக்கவில்லை. டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியைக் கொத்திப்போட்டு அந்தக் கோதுமையையே விதைத்தார். வருகிறவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான். 1966-ல் 18,000 டன் விதை இறக்குமதியானது. அந்தக் காலத்தில் எந்த நாடும் அவ்வளவு விதையை ஒரே தடவையில் வாங்கியதில்லை.

புல்வெளிக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. அதுவரை வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமையில் ஐ.சி.எஸ். அதிகாரிகளே இருந்தார்கள். விஞ்ஞானிகள் அவர்கள் முன் கைகட்டி நிற்க வேண்டிய நிலை. 1965-ல் அந்த நாற்காலியில் பி.பி.பால் என்ற விஞ்ஞானியை உட்காரவைத்தார் சி.எஸ். தன் உற்சாகத்தை மேடையில் செலவழிக்காமல் வேலை தெரிந்தவனுக்கு வழிவிடுவதில் செலவழித்தார் என்பது என் கணிப்பு.

பதவியைப் பிடித்துத் தொங்கியவரும் இல்லை. 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டம் எரிந்துகொண்டிருந்தபோது, ஓ.வி.அளகேசனும் இவரும் அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார்கள். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் ஏற்காததால்தான் இருவரும் தொடர்ந்தார்கள். ஏற்றிருந்தால் விதைக் கப்பல் வந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

பஞ்சாபில் நிலத்தடி நீர் வற்றியதும் பூச்சிமருந்தும் இந்தக் கணக்கின் பற்றுப் பக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. 1968 ஜனவரியிலேயே வாரணாசி அறிவியல் மாநாட்டில் சுவாமிநாதனே இதை எச்சரித்திருக்கிறார்.

1964-65-ல் 1.23 கோடி டன்னாக இருந்த கோதுமை 1967-68-ல் 1.65 கோடி டன் ஆனது. அறுவடையை வைக்க இடமில்லாமல் சில ஊர்களில் பள்ளிக்கூடங்களை மூடி அங்கே மூட்டைகளை அடுக்கினார்கள். 1968 ஜூலையில் 'கோதுமைப் புரட்சி' என்று தபால்தலை வெளியிட்டார் இந்திரா காந்தி. அதில் கதிர்களோடு புசா நூலகக் கட்டடமும் இருக்கும். அப்போது வேளாண் அமைச்சர் ஜெகஜீவன்ராம். சி.எஸ். 1967 தேர்தலில், அரிசிப் பஞ்சத்தில் கொதித்துப்போயிருந்த தமிழ்நாட்டில், தோற்றுப்போயிருந்தார்.