பத்துக் கட்டிலும் ஒரு பீட்டர் பானும்

நடுவர் ஐயா அவர்களே, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாலும் வாயைக் கட்டாத எதிரணி நண்பர்களே, சமையலைச் சீக்கிரமாக முடித்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, பிள்ளைகளே! 

'கதைகளில் வரும் ஆஸ்பத்திரி நமக்குத் தந்தது பயமா, தைரியமா?' இதுதான் தலைப்பு. தைரியம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி என்ன சொன்னாரு? "கதையில ஆஸ்பத்திரி வந்துட்டாலே ஒரு ஆள் காலி" என்றார். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். தம்பி, 1962-ல் வந்த அந்தப் படத்துல நோயாளி நல்லா பிழைச்சுக்கிறாரு. செத்துப் போறது டாக்டர்! அதைப் பார்த்துட்டு டாக்டருங்கதான் பயப்படணும், நாம எதுக்குய்யா பயப்படணும்? (சிரிப்பு)

ஆனால் அவர் சொன்ன செக்காவ் கதையை நான் தள்ளிவிட மாட்டேன். 'ஆறாம் வார்டு', 1892. எழுதியவரே டாக்டர். நோயாளிகளைக் கண்டுக்காம இருந்த ஒரு டாக்டரை, கடைசியில் அதே வார்டுக்குள்ளேயே தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். அவர் வேலைக்கு வைத்திருந்த காவலாளி கையாலேயே அடி வாங்குகிறார். படித்தால் பயம் வரத்தான் செய்யும். ஒரு மார்க் எதிரணிக்குப் போட்டுக்கோங்க ஐயா.

இப்போ நம்ம பக்கத்துக்கு வருவோம். நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால், லண்டனுக்குப் போகணும்.

அந்தக் காலத்துல அங்கே பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்தன. ஆனா சின்னக் குழந்தைகளைப் படுக்க வைத்து வைத்தியம் பார்க்கத் தயங்குவார்கள். தொற்று பரவும், பிள்ளைக்குத் தாய் மடிதான் மருந்து, இப்படிக் காரணம் சொல்லுவார்கள். தாய் மடி நல்லதுதான். ஆனா ஒரே அறையில எட்டுப் பேர் படுத்திருக்கிற வீட்டுல, காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மடி மட்டும் போதுமா?

டாக்டர் சார்லஸ் வெஸ்ட் என்று ஒருவர். அவருடைய முயற்சியால் 1852-ல், கிரேட் ஆர்மண்ட் தெருவில் ஒரு பழைய வீட்டில், குழந்தைகளுக்கென்று ஆஸ்பத்திரி திறந்தார்கள். எத்தனை கட்டில் தெரியுமா? பத்தே பத்து! நம்ம ஊர்ல ஒரு கல்யாண மண்டபத்து மாடியில அதைவிட அதிகமா கட்டில் கிடக்கும்.

திறந்த சில வாரத்திலேயே சார்லஸ் டிக்கன்ஸ் தன்னுடைய பத்திரிகையில் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி எழுத வைத்தார். 1858-ல் பணமுடை வந்தபோது, ஒரு விருந்து மேடையில் அவரே எழுந்து பேசினார். கணக்கோடும் புள்ளிவிவரத்தோடும் நிறுத்தவில்லை. எடின்பரோ நகரத்துக் குடிசை ஒன்றில் தான் பார்த்த குழந்தையைச் சொன்னார். கடையில் கெஞ்சி வாங்கி வந்த முட்டைப் பெட்டிதான் அதற்குத் தொட்டில். அழக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு கிடந்த பிள்ளை. அன்றைக்கு ஒரே ராத்திரியில் 3,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. பக்கத்து வீட்டையும் வாங்கி, கட்டில் எண்ணிக்கை 75 ஆனது. ஒரு கதைக்காரனுடைய வாய்க்கு இருந்த பலத்தைப் பாருங்க! (கைதட்டல்)

அதோடு விட்டாரா? 1864, 65-ல் 'அவர் மியூச்சுவல் பிரண்ட்' என்று ஒரு நாவல் எழுதினார். அதில் பெட்டி ஹிக்டன் என்று ஒரு கிழவி. ஜானி என்ற கொள்ளுப்பேரன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. கிழவி யாருக்கும் சொல்லாமல் வீட்டிலேயே ஒளித்து வைத்திருக்கிறாள். ஏன்? கொண்டு போனால் ஏழைகளை அடைத்து வைக்கிற விடுதியில் போட்டுவிடுவார்கள் என்று பயம். நல்ல மனுஷங்க வந்து கூப்பிட்டபோதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறாள். இது அந்த மாதிரி இடம் இல்லம்மா, குழந்தைகளுக்கு மட்டுமே உள்ள இடம் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்தால் டாக்டர் சொல்கிறார்: முன்னாலேயே கொண்டு வந்திருக்கணும், நேரம் கடந்துவிட்டது. அந்தப் பையன், தன் பொம்மைகளையெல்லாம் பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து கிடக்கிற குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான்.

"பார்த்தீங்களா, அங்கேயும் ஆள் காலி" என்று எதிரணித் தம்பி சிரிக்கிறார். சிரிக்காதீங்க தம்பி. எதுக்குச் செத்தான்? ஆஸ்பத்திரிக்குப் போனதால இல்ல. போகாம இருந்ததால!

என் சொந்தக் கதை ஒன்று சொல்லணும். எங்க அம்மாச்சிக்கு ஒரு பையன் இருந்தான். எனக்கு மாமா முறை. நான் பிறக்கிறதுக்கு முன்னாலேயே போயிட்டான். நாலு வயசு, தொண்டை அடைச்சு காய்ச்சல். டவுன்ல தர்மாஸ்பத்திரி இருந்தது. ஆனா, "அங்கே போனா பிள்ளை திரும்பாது" என்று ஊரே சொன்னது. அம்மாச்சி வேப்பிலை கட்டி மூணு நாள் பார்த்தாங்க. நாலாம் நாள் மாட்டு வண்டி கட்டிப் போனபோது, அந்த டாக்டரும் இதையேதான் கேட்டாராம், நேத்தே வந்திருக்கக் கூடாதாம்மான்னு.

நான் காலேஜில் டிக்கன்ஸ் படித்தபோது, லீவில் ஊருக்குப் போய் அம்மாச்சிக்கு இந்தப் பெட்டி ஹிக்டன் கதையைச் சொன்னேன். வெத்தலையை இடிச்சுக்கிட்டே கேட்டாங்க. கடைசியில உலக்கையை வைச்சுட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாங்க: "அந்தச் சீமையிலயும் அந்தக் கிழவிக்கு முன்னாடியே யாரும் எடுத்துச் சொல்லலையாடி?"

டிக்கன்ஸ் செய்தது அதுதான் நடுவர் அவர்களே. எடுத்துச் சொன்னார்.

குழந்தைக் கதைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். 'ஹைடி' கதையில் சக்கர நாற்காலியில் இருக்கும் கிளாரா, மலைக்காற்றும் ஆட்டுப்பாலும் சாப்பிட்டு எழுந்து நடந்துவிடுகிறாள். என் அணிக்குச் சாதகம்தான். ஆனாலும் எனக்கு அந்த முடிவு பிடிக்காது. எழுந்து நடக்க முடியாத பிள்ளை அதைப் படித்தால் என்ன நினைக்கும்? 1939-ல் வந்த 'மேடலின்' படக்கதையைத்தான் நான் கொண்டாடுவேன். பாரிஸ் விடுதியில் பன்னிரண்டு சிறுமிகள். ஒருத்திக்கு ராத்திரியில் குடல்வால் வலி, ஆபரேஷன். மற்றவர்கள் பார்க்கப் போனால் அங்கே பொம்மை என்ன, மிட்டாய் என்ன! போதாததற்கு வயிற்றில் தையல் தழும்பை வேறு பெருமையாகக் காட்டுகிறாள். அன்றைக்கு ராத்திரி பார்த்தால் மற்ற பதினோரு பேரும் அழுகை, எங்களுக்கும் ஆபரேஷன் வேணும்னு! (பலத்த சிரிப்பு) எழுதிய பெமெல்மன்ஸ், தான் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கண்டதை வைத்துத்தான் அதை எழுதினார்.

கடைசியாக, அந்தப் பத்துக் கட்டில் ஆஸ்பத்திரிக்கே திரும்பி வருகிறேன். 'பீட்டர் பான்' எழுதிய ஜே.எம். பாரி. அந்தக் கதையில் வெண்டி அம்பு பட்டு விழும்போது, ஒரு பொடியன் டாக்டர் வேஷம் போட்டு, வாயில் கண்ணாடிக் குழாய் வைப்பதாகப் பாவனை பண்ணி அவளைக் குணப்படுத்துவான். நம்ம வீட்டுப் பிள்ளைங்க விளையாடுறாங்களே, அதே விளையாட்டு. ஆஸ்பத்திரிக்கு நிலம் வாங்க, நிதிக் குழுவில் உட்காரச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டார். கருமி என்றுகூட நினைத்திருப்பார்கள். இரண்டே மாதத்தில், 1929-ல், பீட்டர் பான் உரிமை முழுவதையும் ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். நாடகம் போட்டாலும், புத்தகம் விற்றாலும் காசு அந்தப் பிள்ளைகளுக்கு. அவர் 1937-ல் இறந்தார். ஐம்பது வருஷத்தில் உரிமை முடிந்தபோது, முன்னாள் பிரதமர் காலகன் பிரபுக்கள் சபையில் பேசி, 1988-ல் சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்க்க வைத்தார். பிரிட்டனில் பீட்டர் பானின் ராயல்டி என்றைக்கும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான்.

பாரி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். எவ்வளவு பணம் வருகிறது என்று வெளியில் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரிக்காரர்களும் அதை மதித்து வாயைத் திறப்பதில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா.  (கைதட்டல்)