மாசி மகத்துக்கு மாமல்லபுரத்தில் என்ன சாப்பிடுவது

மாமல்லபுரத்தில் எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் திருக்கழுக்குன்றத்துக்காரி, பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வந்துசேர்கிறது. நான் ஓட்டல் பெயர் எதுவும் சொல்வதில்லை. மாசி மகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வாருங்கள், கடற்கரைக் கோயிலை ஒட்டிய மணலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்பேன்.

அன்று செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து இருளர் பழங்குடிக் குடும்பங்கள் அந்தக் கரைக்கு வந்து சேர்கின்றன. நாலு கம்பு நட்டு, பழைய புடவையைச் சுற்றிக் கட்டினால் வீடு தயார். விடியற்காலையில் அலை வந்து தொடும் இடத்தில் மணலில் ஏழு படி பிடித்து, பூவும் தேங்காயும் வைத்துக் கன்னியம்மாளைக் கும்பிடுவார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன அம்மனை வீட்டுக்கு அழைத்துப் போக வருகிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கேயே தாலி கட்டும் ஜோடிகள் உண்டு. மொட்டை, காதுகுத்து, பிள்ளைக்குப் பெயர் வைப்பது எல்லாம் உண்டு. அதே நாளில் தலசயனப் பெருமாளும் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வருகிறார். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில்தான் சந்தை.

முதலில் பொரியை வாங்குங்கள். தை அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருக்கும் காலம் இது. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்திய புழுங்கலரிசியில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறி, முதலில் வெறும் சட்டியில் ஈரம் போக வாட்டுவார்கள். பிறகு இரும்புக் கடாயில் மணலைக் கொட்டி, கை வைக்க முடியாத அளவு காய்ந்ததும் அரிசியை ஒரு பிடி போட்டுக் கிளறினால், நாலு மூச்சு விடுவதற்குள் வெள்ளையாக உப்பிவிடும். உடனே சல்லடையில் அள்ளி மணலைக் கீழே விட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் தீய்ந்துபோகும். எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம். பல மைல் நடந்து வந்து இரவு முழுக்க மணலில் படுத்துக் கிடப்பவர்களுக்கு இதைவிடத் தோதான பண்டம் கிடையாது. கெடாது, கனக்காது, அடுப்பு வேண்டாம், சாமிக்கும் வைக்கலாம், பிள்ளைக்கும் கொடுக்கலாம். எங்கள் அம்மா பொரியோடு பொட்டுக்கடலை, தேங்காய்க் கீற்று, ஒரு துண்டு வெல்லம் சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். இன்றைக்கும் அந்தச் சேர்மானத்தை மிஞ்சிய ஒன்றை நான் தின்றதில்லை. பொரி உருண்டையும் கிடைக்கும். பாகு முற்றிப்போய்ப் பல்லை உடைக்கிற உருண்டையை விட்டுவிட்டு, இரண்டு விரலால் அழுத்தினால் விரிசல் விடுகிறதை எடுங்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் கூடாரங்களுக்கு முன்னால் மூன்று கல் அடுப்புகளில் சவுக்கு மிளாறு எரியும். இந்தக் கரையோரத்துச் சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டுவது இருளர் பலருக்குப் பிழைப்பு; விறகு அவர்களோடு வருகிறது. பெரும்பாலும் கருவாட்டுக் குழம்புதான். மாசியில் மொச்சை இன்னும் சந்தையில் இருக்கும், கத்திரிக்காய் மலிவு. புளியைக் கெட்டியாகக் கரைத்து, மொச்சையும் கத்திரிக்காயும் வெந்த பிறகு காரப்பொடிக் கருவாட்டையோ நெத்திலியையோ போட்டு இறக்குவார்கள். ஒரு வருடம் வயதான அம்மா ஒருத்தி, "உக்காருங்கம்மா, ஒரு வாய் துன்னுட்டுப் போங்க" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தணலில் சுட்ட வாளைக் கருவாட்டைப் பிய்த்துச் சோற்றின் மேல் வைத்தார். அந்த உப்பும் புகையும் கலந்த ருசிக்கு இரண்டாயிரம் வருடத்து ஊர்க்காரர்கள் சாட்சி சொல்கிறார்கள்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் பாணன் போகும் வழியில் எயிற்பட்டினம் வருகிறது. அது நமக்குத் தெற்கே இருக்கும் மரக்காணம் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அங்கே பரதவர் வீட்டில் பாணனுக்குக் கிடைப்பது கள்ளும் சுட்ட உலர்ந்த குழல் மீனும். உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்கு வழி சொல்லும் பாட்டு. அதில் வரும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் மாமல்லபுரம்தான் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தத் துறைமுகத்தைவிட அதற்கு முன்னால் வரும் எயினர் என்ற வேட்டுவர் குடிசைதான் முக்கியம். அவர்கள் வீட்டுப் பெண்களான எயிற்றியர் உளி வாய் போன்ற பூண் போட்ட கோலால் மண்ணைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். நில உரலில் குத்தி, உவர் கிணற்றுத் தண்ணீர் இறைத்து, வாய் உடைந்த பானையில் சோறாக்கி, உலர்ந்த இறைச்சியோடு தேக்கிலையில் விருந்து வைக்கிறார்கள்.

எயினர்தான் இருளர் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று வேண்டும். ஆனால் அறுவடை முடிந்த வயலில் கடப்பாரையால் எலி வளையை வெட்டி, எலி சேர்த்து வைத்த கதிரைத் தோண்டி எடுத்து, உதிர்த்துக் குத்திச் சோறாக்கும் இருளர் குடும்பத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டு பழசாகவே தோன்றாது. மழைக்காலத்தில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைப் பிடித்து, இறகு போக்கி, வறுத்து, வறுத்த அரிசியோடு கலந்து தின்பதும் இவர்கள் வழக்கம். மாசியில் ஈசல் கிடைக்காது. கிடைத்த காலத்தில் ருசி பார்த்திருக்கிறேன், நன்றாகவே இருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனங்கிழங்கு கட்டுக் கட்டாக வரும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தது, கடைசித் தறுவாயில் இருப்பதால் நார் குறைவானதாகப் பார்த்து வாங்குங்கள். மணலில் வறுத்த வேர்க்கடலை தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பயிர், ஆனால் நம் பக்கத்து மண்ணில் அது ஊன்றிய வேரைத் திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரகங்களின் பெயரிலேயே காணலாம். மதுராந்தகம், செய்யூர் பக்கத்துத் தர்பூசணி அப்போதுதான் வரத் தொடங்கும். வறுத்த மீன் கடைகளில் எண்ணெய் கறுத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

இந்தச் சந்தையில் காசு புழங்குவது குறைவு. காரணம் வரலாற்றில் இருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் செங்கல்பட்டு இருளர் வருகிறார்கள். காடு சார்ந்து பிழைத்தவர்கள் அவர்கள். பாம்பு பிடித்துத் தோலுக்கு விற்பதும் அவர்கள் பிழைப்பாக இருந்தது; 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்தத் தோல் வியாபாரம் நின்றது. 1978-ல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, நாடெங்கும் விஷமுறிவு மருந்து தயாரிக்க நஞ்சு கொடுத்தது. 2023-ல் இந்த மாவட்டத்து இருளர் பாம்பு பிடிப்பவர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே நேரம், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தும், அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்படுவதை நாம் திரும்பத் திரும்பச் செய்தித்தாளில் படிக்கிறோம். நம் வீட்டுப் புழுங்கலரிசியை அவித்துக் காயவைத்த கைகள் அவை. ஆலைக்காரரிடம் விடுப்புக் கேட்டு வருகிற ஒரே திருவிழா இது என்று சொன்ன தம்பதியை எனக்குத் தெரியும்.

மாமல்லபுரத்துச் சிற்பங்கள் 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அதன் பிறகு ஊருக்கு வந்த உணவகங்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். பொரி வறுக்கும் கடாயைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இப்போது சந்தையில் காலிபிளவர் வறுவலும் நூடுல்ஸும் வந்துவிட்டன. பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள், கேட்கட்டும். ஆனால் பொரிக்காரர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். வாங்க ஆள் இருந்தால் நிற்பார்கள்.

அதனால் என் வேண்டுகோள் இது. செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கித் திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸைப் பிடியுங்கள். சாயங்காலம் ஐந்துக்குள் கரைக்கு வந்துவிடுங்கள். கையில் துணிப்பை, குடிதண்ணீர், சில்லறை வைத்திருங்கள். பேரம் பேசாதீர்கள். கூடாரத்துக்குள் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அந்த இரண்டு நாளைக்காவது குடிதண்ணீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் வேண்டும் என்று உள்ளூர் நிர்வாகத்துக்கு நானும் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.