முத்துக் குளிப்பும் கஃபாலாவும்

காடாம்புலியூரில் ஒரு நிகாஹ் வைபவத்திற்குச் சென்றிருந்தபோது, வளைகுடாவிலிருந்து திரும்பிய சபராளி ஒருவர் நம்மருகே வந்தமர்ந்தார். பதினோராண்டுகள் கடவுச்சீட்டை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு உழைத்தவர். அவர் இசைவு கிட்டாமையால் தாயின் ஜனாஸாவுக்கும் வர இயலாதவர். "ஹஜ்ரத், இந்தக் கஃபாலா நம் ஷரீஅத்தில் உள்ளதுதானா?" என்று கேட்டார். இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். எனினும் அம்முறை எங்கே பிறந்தது என்பதையும் சொன்னால்தான் விடை நிறைவுபெறும்.

ஃபிக்ஹு நூல்களில் கஃபாலா என்பது பிணை. ஒருவருடைய கடனுக்கோ, அவர் உரிய இடத்தில் முன்னிலையாவதற்கோ மற்றொருவர் தாமே முன்வந்து பொறுப்பேற்பது அது. சுமை பிணையாளருடையது, பிணைக்கப்பட்டவர் மீது அவருக்கு ஆட்சியுரிமை எதுவும் அதனால் பிறப்பதில்லை.

இன்றைய கஃபாலாவின் வேரை பஹ்ரைனின் முத்துக் கடலில் காண்கிறோம். எண்ணெய் வருமுன் அந்நாட்டின் வாழ்வு முத்தே. கோடையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் நடைபெறும் குளிப்புக்கு நஜ்து, ஓமான், பாரசீகக் கரை எனப் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்தனர். நகுதா எனப்படும் படகுத் தலைவர் முன்பணம் தந்து அவர்களைச் சேர்ப்பார். அக்கடன் பெரும்பாலும் தீர்வதில்லை. இறந்தவரின் கடன் மகன் தலையில் ஏறியதும் உண்டு.

1913இல் பிறப்பிக்கப்பட்டு 1919இல் நடைமுறைக்கு வந்த ஓர் ஆணையின் வழி, பஹ்ரைனில் வாழ்ந்த அயல்நாட்டார் மீது பிரித்தானியர் நீதி அதிகாரம் பெற்றனர். அதன்பின் உள்நாட்டார் யார், அயலார் யார் என்பது ஆட்சியின் கேள்வியாயிற்று. பருவந்தோறும் வந்திறங்கும் ஆயிரக்கணக்கானோரைக் கண்காணிக்கப் போதிய காவலர் இல்லை. ஆகவே 1920களில் அப்பொறுப்பை நகுதாவின் தோளில் ஏற்றினர்: அயல்நாட்டுக் குளிகாரரை அழைத்து வருபவரே அவருக்குப் பொறுப்பாளி, பருவம் முடிந்ததும் திருப்பி அனுப்புவதும் அவர் கடமை. 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கண்டறியப்பட்டது. ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் முத்து வணிகத்தைச் சாய்த்தன. படகு போயிற்று, பிணைமுறை எண்ணெய் வயலுக்கும் பிற தொழில்களுக்கும் சென்று நிலைத்தது. பஹ்ரைன் ஆய்வாளர் உமர் அஷ்ஷிஹாபி 2019இல் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றைத் தெளிவுற எடுத்துக்காட்டுகிறது.

இதற்கு மாறான ஒரு காட்சி நம் கடலிலேயே உண்டு. மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், மரிச்சுக்கட்டியில், 1905இல் பெரும் முத்துச் சலாபம் நடைபெற்றது. கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிப் பரதவரும் பாரசீக வளைகுடாவின் அரபிகளும் அங்கே கூடினர். எடுத்த சிப்பிகளைக் கொட்டு என்னும் அடைப்பிற்குள் குவித்து மூன்றாகப் பிரிப்பர். இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. தம் பங்கை அவர்கள் தாமே விற்றுக்கொண்டனர். முன்பணமும் கடனும் அங்கும் இல்லாமலில்லை. பருவம் முடிந்ததும் அவர்களும் ஊர் திரும்பினர். ஆயினும் அவர்கள் கையில் இருந்தது கூலியன்று, பங்கு. ஒரு கரையில் அயலார் பங்காளி. மறுகரையில் ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட ஆள். இரு கரையிலும் தொழில் ஒன்றே; வேறுபட்டது ஆட்சி வகுத்த ஏற்பாடு.

மனிதர் வகுத்ததை மனிதர் திருத்தவும் இயலும். கத்தார் 2020இல் முதலாளியின் இசைவின்றியே வேலை மாறிக்கொள்ளச் சட்டம் இயற்றியது. ஏட்டில் வந்தது நடைமுறையில் முழுமை பெறவேண்டும் என்பது வேறு செய்தி.

இவற்றையெல்லாம் கேட்ட அந்தச் சகோதரர் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், "இத்தனை காலம் மார்க்கத்தின் மீதல்லவா வருத்தம் கொண்டிருந்தேன்!" என்றார். அரபுச் சொல் ஒன்றைக் கண்டவுடன் அதனை மார்க்கமென்று கொள்ளும் வழக்கம் நம்மிடையே எத்தனை பேரை இவ்வாறு வருந்தச் செய்துள்ளதோ! கற்றவர்கள் அவர்களுக்கு வரலாற்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.