குளிரில் பதுங்கும்... சூடு ஏறினால் நாற்றை மேயும்! நெல்லுக்கு எமனான 'தங்க நத்தை'

நம்ம ஊரு வயல் நத்தையை பார்த்து எந்த விவசாயியும் பயந்தது கிடையாது. மழைக்கு வெளியே வரும். கோடையில் ஓட்டின் மூடியை சாத்திக்கொண்டு சேற்றுக்குள் படுத்துவிடும். கையில் சிக்கினால் குழம்புதான். ஆனால் இதே குடும்பத்தை சேர்ந்த தென் அமெரிக்க நத்தை ஒன்று ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ் விவசாயிகளை 40 ஆண்டுகளாக படாத பாடு படுத்தி வருகிறது. அதன் பெயர் தங்க ஆப்பிள் நத்தை.

யாரும் விரித்த வலை அல்ல, சொந்த செலவில் வைத்துக்கொண்ட சூனியம் இது. 1980 வாக்கில் அர்ஜென்டினா பக்கம் இருந்து தைவானுக்கும், 1981-ல் ஜப்பானுக்கும் சாப்பாட்டுக்காக கொண்டு வந்தார்கள். பண்ணை வைத்து வளர்த்தார்கள். ருசி யாருக்கும் பிடிக்கவில்லை, வியாபாரம் படுத்தது. பண்ணையில் இருந்து தப்பியதும், கொட்டப்பட்டதும் வாய்க்கால் வழியாக வயலுக்கு போய் சேர்ந்தன.

15 டிகிரிதான் கணக்கு

இந்த நத்தையின் ஆட்டம் எல்லாம் தண்ணீரின் சூட்டை பொறுத்தது. 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் ராத்திரி பகலாக மேயும். நட்டு 3 வாரம் ஆகாத இளம் நாற்று என்றால் அடியோடு காலி. தண்டு முற்றிவிட்டால் அவ்வளவாக தொடாது.

சூடு கூடக்கூட தண்ணீரில் பிராணவாயு குறையும். அதற்கும் வழி வைத்திருக்கிறது. செவுள், நுரையீரல் இரண்டும் உண்டு. குழாய் போன்ற உறுப்பை தண்ணீருக்கு மேல் நீட்டி அடிக்கடி காற்றை இழுத்துக்கொள்ளும். 35 டிகிரியை தாண்டினால்தான் திணறல்.

15 டிகிரிக்கு கீழே போனால் தீனி குறையும், வளர்ச்சி நிற்கும். இன்னும் குளிர்ந்தால் மண்ணுக்குள் புகுந்து மூடியை சாத்திக்கொள்ளும். திடீரென்று உறைகுளிரில் போட்டால் சில நாளில் செத்துவிடும். ஆனால் குளிர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் கதையே வேறு. உடம்பில் கிளிசரால் சேர்த்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும் என்று ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர். ரொம்ப சின்னதும் ரொம்ப பெரிசும் சாக, நடுத்தர சைஸ் நத்தை பிழைத்து அடுத்த நடவுக்கு தயாராகிவிடும்.

இதனால்தான் ஜப்பான் விவசாயிகள் ஜனவரி, பிப்ரவரி கடுங்குளிரில் வயலை ரோட்டரி போட்டு உழுகிறார்கள். பாதி ஓடு நொறுங்கும், மீதி மேலே வந்து விறைத்து சாகும். நட்ட பிறகு 3 வாரம் தண்ணீரை 4 சென்டிமீட்டருக்கு மேல் ஏற விடுவதில்லை. ஓடு மூழ்காத ஆழத்தில் நத்தையால் சரியாக நகர முடியாது.

2019-20 குளிர்காலம் அங்கே வழக்கத்தை விட சூடாக போனது. 2020 நடவில் மேற்கு ஜப்பானில் சேதம் எகிறியது. இதற்கிடையே 'களையை தின்னும்' என்று சிலர் இதை வேண்டுமென்றே வயலில் விட, அப்படி செய்யாதீர்கள் என்று 2024-ல் அந்நாட்டு வேளாண் அமைச்சகமே எச்சரிக்க வேண்டியதாயிற்று.

டெல்டாவில் குளிர் ஏது?

ஜப்பானில் குளிராவது பாதி காவல் காக்கிறது. நம்ம காவிரி டெல்டாவில் மார்கழி பனியிலும் வயல் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்குவது அபூர்வம். பிலிப்பைன்ஸ் போன்ற வெப்ப நாடுகளில் தண்ணீர் இருக்கும் வரை வருஷம் முழுக்க முட்டை போடுகிறது. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் முட்டை, சுமார் 2 வாரத்தில் குஞ்சு!

இதன் நெருங்கிய உறவான 'மிஸ்டரி நத்தை' மீன் தொட்டிக்காக கடைகளில் விற்கப்படுகிறது. இலங்கையில் அது தொட்டியை விட்டு வெளியே நீர்நிலைகளிலும் காணப்பட்டுள்ளது. தொட்டியை கழுவி குளத்தில் ஊற்றுபவர்கள் கவனிக்க.

அடையாளம் சுலபம். நம்ம ஊரு நத்தை கரை ஓர ஈர மண்ணில் வெள்ளை முட்டை இடும். தங்க நத்தையோ தண்ணீருக்கு மேலே தண்டிலும் மதகு சுவரிலும் பளிச்சென்ற ரோஸ் நிறத்தில் கொத்தாக ஒட்டி வைக்கும். ரோஸாக இருக்கும்போதே சுரண்டி தண்ணீரில் தள்ளினால் குஞ்சு பொரிக்காது. வெளுத்த பிறகு தள்ளி பிரயோஜனம் இல்லை, நசுக்கத்தான் வேண்டும். எலி நுரையீரல் புழு இந்த நத்தையில் இருக்கலாம் என்பதால் வெறும் கையால் தொடக்கூடாது. 2006-ல் பீஜிங்கில் சரியாக வேகாத நத்தையை தின்றவர்கள் மூளைக்காய்ச்சலில் படுத்தது இந்த புழுவால்தான்.