வெள்ளையர் வைத்த பெயரும் நாம் வைத்த பெயரும்

சென்னையைச் சுற்றிக் காட்ட மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். உயர்நீதிமன்றத்தின் சிவந்த கோபுரங்களுக்கு எதிரே, பாரிமுனையில், கூட்டமும் கூச்சலும் முட்டி மோதும் இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு மாணவன் கேட்டான்: "ஐயா, இது முல்லைக்குத் தேர் தந்த பாரியின் பெயரா?"

சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டுப் போக மனம் வரவில்லை. பறம்பு மலைப் பாரி அல்லன். வணிகம் செய்யக் கடல் கடந்து வந்த தாமஸ் பாரி என்ற வெள்ளையர் என்று விளக்கினோம். "அப்படியானால் ஜார்ஜ் டவுன் என்பதில் உள்ள ஜார்ஜ் யார்?" என்று அடுத்த கேள்வி பிறந்தது. அவர் இங்கிலாந்து நாட்டு மன்னர் என்றும், அதற்கு முன் இவ்வூருக்குக் 'கருப்பர் பட்டணம்' என்று பெயர் இருந்தது என்றும் சொன்னோம். மாணவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "பெயரை மாற்றும்போது இங்கே குடியிருந்தவர்களைக் கேட்டார்களா, ஐயா?"

அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

கோட்டையும் பட்டணமும்

1639-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் நாள் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இக்கடற்கரையில் இடம் பெற்றது. அடுத்த ஆண்டே கோட்டை எழுந்தது. கோட்டைக்கு இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் பெயர். கோட்டைக்கு வடக்கே எழுந்த ஊருக்கு, இடம் தந்த நாயக்கரின் தந்தை சென்னப்பரின் பெயர். வந்தவன் தன் புனிதர் பெயரை வைத்தான். தந்தவன் தன் தந்தை பெயரை வைத்தான். தறியை நம்பி வந்த நெசவாளிக்கும், துணிக்குச் சாயம் ஏற்றிய தொழிலாளிக்கும், அலை கடந்து சரக்கு ஏற்றிய படகோட்டிக்கும் அங்கே வீடு இருந்தது. பெயர் வைக்கும் உரிமை இல்லை!

கோட்டைக்குள் வெள்ளையர் வாழ்ந்தனர். அது 'வெள்ளையர் பட்டணம்' ஆயிற்று. வெளியே நம்மவர் வாழ்ந்தனர். அது 'கருப்பர் பட்டணம்' ஆயிற்று. கணக்கில் கருப்பர் பட்டணம்; வரைபடத்தில் கருப்பர் பட்டணம்; நீதிமன்ற ஏட்டிலும் அதே பெயர். அந்த ஊரில் கம்பெனிக்கே கடன் கொடுக்கத்தக்க செல்வர்கள் இருந்தனர். பன்மொழி பேசும் துபாஷிகள் இருந்தனர். ஆர்மேனிய வணிகர்களும் இருந்தனர். எல்லாரையும் ஒரே சொல்லில் அடைத்தது அந்தப் பெயர்.

கருப்பு என்பது இழிவா? இல்லை. உழைப்பவன் உடலில் வெயில் எழுதிய நிறம் அது. இழிவு நிறத்தில் இல்லை. அந்த நிறத்தைச் சொல்லி ஒதுக்கியவன் பார்வையில் இருந்தது.

பார்வை மட்டுமா ஒதுக்கியது? 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749-இல் ஆங்கிலேயர் கைக்கு அது திரும்பிற்று. கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் பகைவன் ஒளிந்து தாக்குவான் என்ற அச்சம் எழுந்தது. பிரெஞ்சுக்காரர் இடிக்கத் தொடங்கியதை ஆங்கிலேயர் முடித்தனர். பழைய கருப்பர் பட்டணம் தரைமட்டமாயிற்று. பீரங்கி தடையின்றிச் சுடுவதற்கு வெட்டவெளி வேண்டுமாம்! அதற்காக ஓர் ஊரே அழிந்தது. 1892-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம் நிற்பது அந்த ஊர் இருந்த மண்ணில்தான். இதற்கப்பால்தான் வீடு கட்டலாம் என்று 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றுள் ஒன்று பாரிமுனைக் கட்டடத்தின் ஓரத்தில் நிற்கிறது. நம் மாணவர்கள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஊர் போயிற்று, பெயர் போகவில்லை! வடக்கே இருந்த முத்தியாலுப்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் சேர்ந்து புதிய கருப்பர் பட்டணம் ஆயின. இடித்த வீட்டோடு இழிபெயரையும் புதைத்திருக்கலாம். புதைக்கவில்லை, பெயர்த்தெடுத்துக்கொண்டு போய் நட்டார்கள்.

மக்கள் வாயில் பிறந்த பெயர்கள்

ஆனால் மக்கள் என்ன செய்தார்கள்? ஆட்சி ஏட்டில் இருந்த பெயரை ஏட்டிலேயே விட்டுவிட்டுத் தங்களுக்கு வேண்டிய பெயர்களைத் தாங்களே ஆக்கிக்கொண்டார்கள். பவழம் விற்றவர் இருந்த இடம் பவழக்காரத் தெரு. பூ விற்ற இடம் பூக்கடை. நாணயம் அடித்த இடம் தங்கசாலை. கோட்டைக்குக் குடிநீர் தந்த இடம் ஏழுகிணறு. மதிலின் வாயில் இருந்த இடம் யானைக்கவுனி. ஆர்மேனியர் வாழ்ந்த தெருவை 'அரண்மனைக்காரன் தெரு' என்று அழைத்தார்கள். வாயில் நுழையாத அயற்சொல்லை உருமாற்றி அரண்மனைக்கே உரிமையாக்கிய வேடிக்கையைப் பாருங்கள்!

வால்டாக்ஸ் சாலையின் கதை இன்னும் சுவையானது. ஊரைச் சுற்றி மேற்கிலும் வடக்கிலும் மதில் எழுப்பிய கம்பெனி, அதன் செலவை ஊர்மக்கள் தலையில் வரியாகச் சுமத்த எண்ணிற்று. அந்த வரி தண்டப்படவே இல்லை. மதிலும் பெரும்பாலும் மறைந்தது. வராத வரியின் பெயர் மட்டும் சாலையில் நிலைத்தது. ஆட்சியாளன் மறந்ததை மக்கள் நாக்கு மறக்கவில்லை.

இளவரசர் வந்தார்

1906-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடியவர் அவரே. அந்த வருகையின் நினைவாகக் கருப்பர் பட்டணம் 'ஜார்ஜ் டவுன்' ஆயிற்று. இழிபெயர் ஒழிந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் எதற்காக ஒழிந்தது? நம்மை இழிவுபடுத்திவிட்டோமே என்ற வருத்தத்தாலா? விருந்தினராக வந்தவருக்கு ஊரையே பரிசாக்கும் விருப்பத்தாலா? தவற்றை உணர்ந்து மாற்றினால் அது நீதி. மன்னர் வீட்டுப் பிள்ளையை மகிழ்விக்க மாற்றினால் அது முகமன். நமக்குக் கிடைத்தது முகமன்.

அதே 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் இதே பகுதிக் கடற்கரைச் சாலையில் இருந்த அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு மூழ்கிற்று. அதன் தலைவர் மறு ஆண்டே குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அவர் பெயரும் ஜார்ஜ்! ஒரு ஜார்ஜின் பெயரை ஊர் சுமந்த ஆண்டிலேயே இன்னொரு ஜார்ஜின் வீழ்ச்சியை ஊர் மக்கள் சுமந்தார்கள். அந்த அடிக்குப் பிறகு நம்மவர் முயற்சியில் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. பெயர் மேலிருந்து வந்தது. வாழ வழி கீழிருந்து பிறந்தது.

நமக்குள் நட்ட எல்லைக்கல்

இதுவரை வெள்ளையரைக் குறை சொன்னோம். கை தட்டுவதற்கு ஏற்ற பகுதி இதோடு முடிந்தது. இனிச் சொல்வது நமக்குச் சுடும்.

'கருப்பர்' என்று ஒரே பெயரால் ஒதுக்கப்பட்ட நாம், அந்த ஒதுக்கத்தில் ஒன்றுபட்டோமா? இல்லை. வலங்கை என்றும் இடங்கை என்றும் பிரிந்து மோதினோம். எந்தத் தெருவில் எவன் திருமண ஊர்வலம் போகலாம் என்பதற்காக இரத்தம் சிந்தினோம். 1652-இல் மோதல், 1707-இல் மீண்டும் மோதல். ஆளுநர் தாமஸ் பிட் நடுவராக வந்து பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கைக்கு என்று தெருக்களைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. நம்மைக் கருப்பர் என்று தாழ்த்தியவனிடமே போய், "எங்களில் எவன் உயர்ந்தவன்?" என்று கேட்டு நின்றோமே, அந்த வெட்கத்தை எந்த ஜார்ஜின் தலையில் கட்டுவது?

இரு பேட்டைகளுக்கும் நடுவே ஒரு கழிவுநீர்ப் பள்ளம் ஓடிற்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் பொப்பம் என்ற ஆங்கில வழக்கறிஞர் அந்த நிலத்தை வாங்கி, பள்ளத்தைத் தூர்த்துச் சாலை அமைத்தார். அதுதான் பிராட்வே, இப்போது பிரகாசம் சாலை. மண்ணில் இருந்த பள்ளத்தை ஒரு வழக்கறிஞர் தூர்த்துவிட்டார். மனத்தில் இருந்த பள்ளத்தை யார் தூர்த்தார்?

வலங்கையும் இடங்கையும் சண்டையிடுவதற்காவது தெரு இருந்தது. அதுவும் இல்லாதவர் இருந்த இடத்தைப் பழைய ஆவணங்கள் 'பறைச்சேரி' என்று குறித்தன. வெள்ளையர் நமக்குக் கருப்பர் பட்டணம் என்று பெயரிட்டதை எண்ணிக் குமுறுகிறோம். நம்முள் ஒரு பகுதியினருக்கு அந்தப் பெயரை வைத்தவர் யார்? அது கப்பலில் வந்த பெயர் அன்று. நம் ஊரிலேயே, நம் நாவிலேயே பிறந்த பெயர்.

பெயர் மாற்றம் போதுமா?

போதாது என்று சொல்வோர் உண்டு. பலகையை மாற்றினால் பசி தீருமா என்று கேட்போரும் உண்டு. தமிழ்நாடு என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956-இல் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்தபோதும் இப்படிப் பேசியோர் இருந்தனர். 1967-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிற்று. 1969 சனவரி 14 முதல் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. 1996-இல் நகரின் பெயர் எல்லா மொழியிலும் சென்னை ஆயிற்று. தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்ளும் மக்கள் தலை நிமிர்ந்து நடக்கிறார்கள் என்பதை நாடு கண்டது.

தெருப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருந்த சாதி வால்களை நறுக்கும் முயற்சி 1970-களின் இறுதியில் தொடங்கிற்று. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. ஐம்பது ஆண்டு இடைவெளியில் ஒரே வேலையை இரண்டு முறை தொடங்க வேண்டியிருந்தது ஏன்? பலகையில் அழித்த சொல்லை நாம் நாவில் வைத்துக் காப்பாற்றியதால்தான்.

ஆகவே நம் கருத்து இது. பிறப்பைச் சுட்டி இழிவு செய்யும் பெயர் எதுவாயினும் அது போகவேண்டும்; நாளைக்கு அன்று, இன்றைக்கே. ஆனால் புதிய பெயரை மேலிருந்து போடக்கூடாது. அங்கே குடியிருப்போரைக் கூட்டி, ஆணும் பெண்ணும் பேசி, அவர்கள் விரும்பும் பெயரை அவர்களே தேர்ந்தெடுக்கவேண்டும். ஜார்ஜ் டவுனுக்கே ஒரு நாள் புதுப்பெயர் தேடினாலும், மூட்டை தூக்குபவருக்கும் தெருவோரக் கடைக்காரருக்கும் அதில் ஒரு வாக்கு வேண்டும். பூக்கடையும் ஏழுகிணறும் நிலைத்தது ஆணையாலா? அழைத்தவர்களே ஆக்கிய பெயர்கள் என்பதால் அல்லவா?

கட்டுரையைத் தொடங்கிய மாணவனிடமே வந்து முடிப்போம். ஊர் திரும்பிய பின், வகுப்பில் முகவரிப் படிவம் கொடுத்தோம். அவன் கதவு எண்ணை எழுதியிருந்தான். ஊர்ப் பெயரை எழுதியிருந்தான். தெருப் பெயருக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். "ஏன் எழுதவில்லை?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டோம். அவன் தலை குனிந்தான். அவன் இருப்பது ஊருக்கு வெளியே உள்ள காலனி என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தவறு அவனுடையது அன்று, கேட்ட நம்முடையது. "குடியிருந்தவர்களைக் கேட்டார்களா?" என்று பாரிமுனையில் அவன் கேட்டது கருப்பர் பட்டணத்தைப் பற்றி மட்டும் அன்று என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

அந்த வெற்றிடத்தில் என்ன பெயர் எழுதப்படவேண்டும் என்பதை நாம் சொல்லமாட்டோம். அவனும் அவன் தெருவாரும் சொல்லட்டும். அவர்கள் சொல்லும் பெயரால் அந்தத் தெருவை அழைப்பதும், அழைத்தபடி அங்கே சென்று அமர்ந்து உண்பதும் நம் கடமை. இளைஞர்களே, இந்த வாரமே உங்கள் ஊர்த் தெருக்களின் பெயர்களைப் படியுங்கள். எங்கே ஒரு பிள்ளை தன் முகவரியை எழுதத் தயங்குகிறதோ, அங்கே சென்று முதலில் கேளுங்கள்: "உங்கள் தெருவுக்கு நீங்கள் விரும்பும் பெயர் என்ன?"