குவாஜா அகமது அப்பாஸ்

குவாஜா அகமது அப்பாஸ் (1914–1987) உருதுச் சிறுகதையாசிரியர், இதழாளர், நாவலாசிரியர், திரைப்பட இயக்குநர். உருது, இந்தி, ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் எழுதிய இவர், செய்தி, கதை, திரைப்படம் ஆகிய மூன்றையும் சமூக விமரிசனம் என்னும் ஒரே பணியின் வெவ்வேறு வடிவங்களாகவே கையாண்டார்.

இளமை

இன்றைய அரியானா மாநிலத்திலுள்ள பானிபட்டில் 1914 ஜூன் 7 அன்று பிறந்தார். கவிஞர் காலிபின் மாணவரும், உருதுக் கவிதையைச் சீர்திருத்த நோக்கின்பால் திருப்பியவருமான அல்தாப் உசேன் ஹாலி இவருடைய கொள்ளுப்பாட்டனார் ஆவார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் 1933இல் இளங்கலைப் பட்டமும் 1935இல் சட்டப் பட்டமும் பெற்ற இவர், அங்கு மாணவராக இருந்தபோதே ‘அலிகார் ஒப்பீனியன்’ என்ற இதழைத் தொடங்கி நடத்தினார்.

இதழியல்

சட்டப் படிப்பை முடித்ததும் பம்பாய்க்குச் சென்று, விடுதலை இயக்கத்தை ஆதரித்த ‘பாம்பே கிரானிக்கிள்’ நாளிதழில் சேர்ந்து, செய்தியாளராகவும் திரைப்பட விமரிசகராகவும் பணியாற்றினார். அவ்விதழில் ‘லாஸ்ட் பேஜ்’ (கடைசிப் பக்கம்) என்ற தலைப்பில் எழுதிவந்த பத்தி 1947இல் ‘பிளிட்ஸ்’ வார இதழுக்கு இடம் மாறி, இவர் இறக்கும்வரை தொடர்ந்தமையால், இந்திய இதழியலில் மிக நீண்டகாலம் வெளிவந்த பத்திகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதன் உருது வடிவம் ‘ஆசாத் கலம்’ (சுதந்திர எழுதுகோல்) எனப் பெயர் பெற்றது.

சிறுகதைகள்

இலக்கியம் சமூக மாற்றத்துக்குத் துணைநிற்க வேண்டும் எனக் கருதிய முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்துடன் இவர் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார். தொடக்ககாலக் கதையான ‘அபாபீல்’ (தகைவிலான் குருவி), மனைவி மக்களையும் கால்நடைகளையும் கொடுமைப்படுத்தி அவர்களால் கைவிடப்பட்ட ரகீம் கான் என்னும் உழவன், தன் வீட்டில் கூடு கட்டிய குருவிகளிடம் பரிவு கொண்டு, மழையில் நனைந்து அக்கூட்டைக் காக்க முயன்று, காய்ச்சலுற்று இறப்பதைக் கூறுகிறது. நாட்டுப் பிரிவினைக் கலவரங்களைப் பின்னணியாகக் கொண்ட ‘சர்தார்ஜி’, சீக்கியர்மீது வெறுப்புக் கொண்ட ஒரு முஸ்லிம் கதைசொல்லியை அண்டைவீட்டுச் சீக்கியர் காப்பதைச் சித்திரிக்கிறது. கதைசொல்லியின் காழ்ப்புணர்வை ஆசிரியரின் கருத்தாகவே கொண்டு எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் தொடரப்பட்டது. இவருடைய புனைவுகளில் இதழியலின் சாயல் மிகுதி என்பது விமரிசகர்கள் முன்வைத்த குறையாகும். ஆயினும் நடப்பு நிகழ்வை உடனுக்குடன் கதையாக்கும் வேகத்தை இவருக்கு அளித்ததும் அதே இதழியல் பயிற்சியே ஆகும்.

திரைப்படம்

வங்காளப் பஞ்சத்தைப் பற்றிய ‘தர்த்தி கே லால்’ (1946) படத்தை, இடதுசாரிக் கலைஞர்கள் அமைத்த இந்திய மக்கள் நாடக மன்றத்தின் சார்பில் இயக்கினார். அதே ஆண்டில் கான் திரைப்பட விழாவின் உயர் பரிசைப் பகிர்ந்துகொண்ட ‘நீச்சா நகர்’ படத்துக்குத் திரைக்கதை எழுதுவதில் பங்குகொண்டார். ‘ஆவாரா’ (1951), ‘ஸ்ரீ 420’ (1955), ‘பாபி’ (1973) உள்ளிட்ட, நடிகரும் இயக்குநருமான ராஜ்கபூரின் படங்களுக்கு எழுதிய இவர், தாம் இயக்கிய படங்களில் வணிக வெற்றியைப் பெரிதாகக் கருதவில்லை. பம்பாயில் வீடின்றி வாழ்வோரைக் காட்டிய ‘ஷஹர் அவுர் சப்னா’ (1963) சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. கோவா விடுதலைப் போராட்டத்தைக் களமாகக் கொண்ட ‘சாத் இந்துஸ்தானி’ (1969) வாயிலாக அமிதாப் பச்சன் நடிகராக அறிமுகமானார்.

இறுதிக் காலம்

இந்திய அரசு 1969இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ‘ஐ ஆம் நாட் அன் ஐலண்ட்’ என்ற ஆங்கிலத் தன்வரலாறு 1977இல் வெளிவந்தது. அப்பாஸ் 1987 ஜூன் 1 அன்று பம்பாயில் காலமானார்.